பாப்பாவுக்கு, அல்சூர்ல இருந்து அப்பா

பாப்பா,

எனக்கு வந்துருக்குற புராஸ்டேட் கேன்சரப் பத்தி, அதான் மூத்திரப் பைக்குக் கீழ இருக்குற சுரப்பி, நீ அனுப்புன பேப்பர பிரிண்ட் எடுத்துக்கிட்டே போனேன். கட்டில இருக்குற ரத்தக்குழாய எண்ணிப் பாத்தா கேன்சர் எப்படிப் போகும்னு தெரியுமாம்பா, உனக்கு ஏன் பண்ணலன்னு கேளுன்னு போன்ல கத்துனியே, கேட்டுட்டேன்.

லேப் டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும், பாதி கன்னடம் பாதி தமிழ்ல பேசுறாங்க. என் பயாப்ஸி ஸ்லைட கம்ப்யூட்டர்ல காமிச்சாங்க, ரோஸும் ஊதாவுமா சுங்குடிச் சேல மாதிரி இருக்கு, அங்கங்க செவப்பா புள்ளி, அதான் ரத்தக்குழாயாம். கட்டி ஒன்னு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வளரணும்னா புதுசா ரத்தக்குழாய் இழுத்தே ஆகணும்னு ஃபோக்மன்னு ஒரு அமெரிக்கா டாக்டர் 1971லயே எழுதிட்டாராம். எனக்கென்ன ஆச்சரியம், மர்ஃபி டவுன்ல முப்பது வருஷம் பைப் வேல பாத்தவன், ராத்திரியோட ராத்திரியா மெயின் லைன்ல டீ ஜாயிண்ட் போட்டு திருட்டுத் தண்ணி இழுத்த வீடு எத்தன பாத்துருக்கேன்.

அப்ப எண்ண வேண்டியதுதானம்மான்னேன். சிரிச்சாங்க. அதுக்குத் தனியா சாயம் போடணும், குழாய் ஜாஸ்தியா இருக்குற எடமா பாத்து எண்ணணும், ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்கு ஒத்து வராது, ஒரு ஆராய்ச்சில ஆமான்னு வரும் இன்னொன்னுல இல்லன்னு வரும், அதான் ரிப்போர்ட்ல எழுதுற வழக்கமில்லயாம். ஆனா 2009ல அமெரிக்கால 500 பேருக்கு மேல பாத்ததுல எண்ணிக்கைய விட குழாயோட உருவந்தான் காட்டிக்குடுத்துச்சாம், சின்னதா கோணலா இருந்தவங்களுக்குத்தான் உசுருக்கே ஆபத்தாப் போச்சாம். இது எனக்கு சட்டுனு புரிஞ்சுது கண்ணு. திருட்டுக் கனெக்ஷன் நேரா இருந்து நான் பாத்ததே இல்ல, அவசரத்துல கெடச்ச பைப்ப வளச்சு நெளிச்சு சொருகியிருப்பான்.

என் கணக்கு, கேன்சர் எவ்வளவு மூர்க்கம்னு ஸ்லைட பாத்துப் போடுற கிளீசன் மார்க்கு 3+4, ரத்தத்துல பாக்குற பிஎஸ்ஏ 9. வைத்தியம் இத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க, மொதல்ல எம்ஆர்ஐ வரட்டும். குழாய அடைக்கிற மருந்து, அவாஸ்டின் கேட்டியே, முத்துன புராஸ்டேட் கேன்சருக்கு கீமோவோட சேத்துக் குடுத்துப் பாத்தும் ஆயுசு கூடலயாம். விட்டுரு.

டிக்கெட் இப்பவே போடாத. அம்மாகிட்ட ஒன்னுக்குப் போற கோளாறுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன், ஆப்ரேஷன்னு வந்தா நானே சொல்லிக்கிறேன், நீ உளறிக் கொட்டிராத. பாத்ரூம் டேப்பு ரெண்டு நாளா சொட்டுது, ஊருக்கெல்லாம் மாத்துற ஆளுன்னு திட்டிக்கிட்டு இருக்கா, வாஷர் வாங்கக் கெளம்புறேன்.

அப்பா