குலுக்கினால் கரையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வீட்டுக் குறிப்புப் பகுதிகளிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் ஒரே செய்முறை திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பு, பிடித்த எசென்ஷியல் ஆயிலை (செடிகொடிகளிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) பதினைந்து சொட்டு விடு, நன்றாகக் குலுக்கு. உடம்புக்கும் ஆச்சு, அறைக்கும் ஆச்சு. வாசனை ஸ்பிரே தயாரிப்பதையே வேலையாகக் கொண்ட நாங்கள் இதைப் படிக்கும்போதெல்லாம் மூன்று கேள்விக்குப் பதில் தேடுகிறோம். எண்ணெயைக் கரைப்பது எது? தண்ணீரைக் கெடாமல் காப்பது எது? எண்ணெய் எத்தனை சதவீதம்? இம்மூன்றும் இல்லாத குறிப்பை இனித் தங்கள் இதழில் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

குலுக்கும்போது எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைகிறது, அவ்வளவுதான். பாட்டிலைக் கீழே வைத்த சில நிமிடத்தில் துளிகள் ஒன்றுகூடி மேலே ஏறிவிடும். ஸ்பிரே மூடியின் குழாய் அடிவரை போவதால், முதலில் பீய்ச்சுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். வாசனை போதவில்லையே என்று இன்னும் பத்துச் சொட்டு விடுவார்கள். பாட்டில் காலியாகும் தறுவாயில் மேலே மிதந்த எண்ணெயெல்லாம் குழாய்க்குள் இறங்கி, நீர்க்காத எண்ணெயாகவே கழுத்தில் வந்து விழும். கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய்களில் கதை தலைகீழ். அவை தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். முதல் அழுத்திலேயே குழாய் அவற்றைத்தான் உறிஞ்சும். தோலில் படும் பொருளில் கிராம்பு எண்ணெய் 0.5 சதவீதத்தையும், லவங்கப்பட்டை எண்ணெய் 0.07 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் புழங்கும் பாதுகாப்பு வரம்பு. பட்டைக்கு அது நூறு கிராமில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உப்போ பேக்கிங் சோடாவோ சேர்த்தால் எண்ணெய் பரவும் என்பார்கள். பரவாது, உப்புக் கரைந்த தண்ணீரில் எண்ணெய் இன்னும் சீக்கிரம் பிரியும். சோடா, நீர் உலர்ந்ததும் மேசையிலும் திரைச்சீலையிலும் வெள்ளைப் படிவாக நிற்கும். விட்ச் ஹேசல் என்ற செடியின் வடிநீரிலோ வோட்காவிலோ கரைக்கலாம் என்பவர்களும் உண்டு. விட்ச் ஹேசலில் ஆல்கஹால் பொதுவாக 14 சதவீதம், வோட்காவில் 40 சதவீதம். இரண்டுமே இந்த வேலைக்குப் போதாது.

எண்ணெயை உண்மையிலேயே கரைப்பது 95 சதவீத எத்தில் ஆல்கஹால். ஓடிகொலோன் என்ற வாசனைத் திரவம் 1709-இலிருந்து இன்றுவரை ஆல்கஹாலில்தான் நிற்கிறது. முந்நூறு வருடமாக யாரும் அதைத் தண்ணீருக்கு மாற்றவில்லை. நூறு கிராம் பாடி ஸ்பிரேக்கு எங்கள் அளவு இது: ஆல்கஹால் 80 கிராம், வாசனை எண்ணெய் 2 கிராம், கிளிசரின் 1 கிராம், வாலை வடித்த (டிஸ்டில்டு) தண்ணீர் 17 கிராம். வரிசை மாறக் கூடாது. முதலில் எண்ணெயை ஆல்கஹாலில் விட்டுக் கலக்கித் தெளிய விட வேண்டும், பிறகு கிளிசரின், கடைசியில் தண்ணீரைச் சிறுகச் சிறுக. தண்ணீர் ஊற்றும்போது பால்போல வெளுத்தால், ஆல்கஹாலின் பலம் குறைந்து எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது என்று அர்த்தம். டெட்டாலைத் தண்ணீரில் விட்டால் வெளுப்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். உடனே நிறுத்தி, தெளியும்வரை ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள்தான் முதலில் வெளுக்கும். கிளிசரின் 3 சதவீதத்தைத் தாண்டினால் தோலில் பிசுபிசுக்கும்.

எந்த ஆல்கஹால் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெயின்ட் வேலைக்கு விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், பார்வையைப் பறிக்கும். 2020-இல் மெத்தனால் கலந்த கைச்சுத்திகரிப்பான்களைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. வாசனைத் தயாரிப்புக்கென்றே விற்கும், உட்பொருள் பட்டியல் ஒட்டிய ஆல்கஹால் மட்டுமே சரி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எண்ணெயைக் கரைக்கும். ஆனால் அதன் மருத்துவமனை வாடை எந்தப் பூவையும் அமுக்கிவிடும். எத்தில் ஆல்கஹாலின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது. கலக்கும்போதும் அடிக்கும்போதும் அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, சன்னல் திறந்திருக்கட்டும்.

ஆல்கஹால் வேண்டாம் என்பவர்களுக்கு வழி உண்டு. பாலிசார்பேட் 20, ட்வீன் 20 என்றும் சொல்வார்கள். தேன்போல இருக்கும் இந்தத் திரவம் எண்ணெயைத் தண்ணீரில் தெளிவாக நிற்க வைக்கும். நூறு கிராம் அறை ஸ்பிரேக்கு எண்ணெய் 1 கிராம், பாலிசார்பேட் 5 கிராம், கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் 1 கிராம், வாலை வடித்த தண்ணீர் 93 கிராம். எண்ணெய், பாலிசார்பேட், பிரிசர்வேட்டிவ் மூன்றையும் முதலில் ஒன்றாகக் குழைத்து, அதற்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தொடங்கிச் சேர்க்க வேண்டும். தண்ணீரில் எண்ணெயை விட்டுவிட்டுப் பிறகு பாலிசார்பேட் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. அது எத்தனை கலக்கினாலும் கலங்கலாகவே இருக்கும். எண்ணெய்க்கு எண்ணெய் விகிதம் மாறும்: சிலவற்றுக்கு நான்கு மடங்கு பாலிசார்பேட் போதும், சிட்ரஸ் வகைகள் எட்டு மடங்குவரை கேட்கும். அதனால் முதலில் பத்து கிராம் மட்டும் செய்து ஒரு நாள் வைத்துப் பார்ப்பது நல்லது. மறுநாளும் தெளிவாக இருந்தால் சரி. மேலே எண்ணெய் வளையம் கட்டினால் பாலிசார்பேட்டைக் கூட்ட வேண்டும். கூட்டக் கூட்ட நுரையும் பிசுக்கும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். வழவழப்பான தரைக்கு நேராக அடித்தால் கால் வழுக்கும். அதனாலேயே உடம்புக்கு ஆல்கஹால் முறையையும், அறைக்கு இதையும் பரிந்துரைக்கிறோம்.

பிரிசர்வேட்டிவ் என்றதும் முகம் சுளிப்பவர்கள் அதிகம். எசென்ஷியல் ஆயிலே கிருமிநாசினிதானே என்பார்கள். ஸ்பிரேயில் நாம் போடும் ஒன்றிரண்டு சதவீதத்தில் அதை நம்ப முடியாது. வைட்டமின் ஈ, எண்ணெய் காறுவதைத் தாமதப்படுத்தும், கிருமியைத் தடுக்காது. 2021-இல் அமெரிக்காவில், கடைகளில் விற்ற லாவெண்டர் அறை ஸ்பிரே ஒன்றில் மண்ணிலும் நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா இருந்தது. நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் நோய் கண்டது, இருவர் இறந்துபோனார்கள். அழகுக்காக அந்த பாட்டிலுக்குள் கற்கள் போட்டிருந்தார்கள். ஸ்பிரே நுண்துளியாக மூச்சுக்குள் போகும் பொருள் என்பதை இதைவிட உறைக்கச் சொல்ல முடியாது. காய்ந்த ரோஜா இதழ், லாவெண்டர் கதிர், படிகக்கல் எதுவும் பாட்டிலுக்குள் போக வேண்டாம். கிருமிக்கு அவை வண்டி, மூடியின் துவாரத்துக்கு அடைப்பு.

பன்னீர் போன்ற வடிநீரும் தண்ணீர்தான். அதற்கும் பாதுகாப்பு வேண்டும். பினாக்ஸி எத்தனாலும் எத்தில்ஹெக்சில் கிளிசரினும் சேர்ந்த கலவை, மொத்த எடையில் 1 சதவீதம், வீட்டில் கையாள எளிது. சோடியம் பென்சோயேட் மலிவு என்று போடுபவர்கள், கரைசலின் அமிலநிலை பி.எச். 5-க்குக் கீழே இருக்கிறதா என்று பி.எச். காட்டும் தாள் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான். மேலே சொன்ன ஆல்கஹால் ஸ்பிரே தன்னைத் தானே காத்துக்கொள்ளும்; அதற்குத் தனியாக எதுவும் வேண்டாம். பிரிசர்வேட்டிவ் இல்லாமல்தான் செய்வேன் என்றால் கைக்கடக்கமாகச் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாளில் முடித்துவிட வேண்டும். தெளிவாகத்தானே இருக்கிறது என்பது சாட்சியாகாது. கலங்கல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு மில்லி லிட்டரில் லட்சக்கணக்கில் பாக்டீரியா பெருகியிருக்கும்.

இனி அளவு. ஒரு மில்லி லிட்டருக்கு இருபது சொட்டு என்பது ஊர்க்கணக்கு. சொட்டியின் துளைக்கும் எண்ணெயின் கெட்டித்தன்மைக்கும் ஏற்ப அது இருபதிலிருந்து நாற்பதுவரை ஓடும். வெட்டிவேர் எண்ணெய் கொழகொழவென்று பெருஞ்சொட்டாக விழும், ஆரஞ்சு சலசலவென்று கொட்டும். நகை நிறுக்கும் தராசுபோல 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. உடம்புக்கு மொத்த எண்ணெய் 1 முதல் 2 சதவீதம் போதும். அதற்குள்ளும் சில எண்ணெய்க்குத் தனி வரம்பு உண்டு. எலுமிச்சைப்புல் எண்ணெய் 0.7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தோலைப் பிழிந்தெடுத்த சிட்ரஸ் எண்ணெய்கள் சிலவற்றை வெயில் படும் தோலில் பூசினால் கருந்தழும்பு விழும். சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா அவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பெர்கமோட் என்ற சிட்ரஸ் பழ எண்ணெய்க்கு 0.4 சதவீதம், நம் ஊர்ச் சிறு எலுமிச்சையான லைமுக்கு 0.7, லெமன் எனும் மஞ்சள் எலுமிச்சைக்கு 2. ஆரஞ்சில், இனிப்பு வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆவியில் வடித்த லைமுக்கும் இல்லை. சீசாவில் எந்த முறை என்று எழுதியிருக்கும், படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

வாசனையைக் கோப்பது அவரவர் மூக்கு. தொடங்குகிறவர்கள் சிட்ரஸ் போன்ற மேல்வாசனை மூன்று பங்கு, லாவெண்டர், ஜெரேனியம் போன்ற நடுவாசனை ஐந்து பங்கு, சந்தனம், வெட்டிவேர், பச்சோலி போன்ற அடிவாசனை இரண்டு பங்கு என்று ஆரம்பிக்கலாம். வெறும் எலுமிச்சையும் ஆரஞ்சும் மட்டும் போட்டால் அரைமணியில் பறந்துவிடும். 'நிற்கவே மாட்டேன் என்கிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆல்கஹால் ஸ்பிரேயைக் கலந்த அன்றே முகர்ந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. இருட்டில் இரண்டு வாரம் கிடந்தால் ஆல்கஹாலின் நெடி அடங்கும். மல்லிகை போன்ற மெழுகுள்ள சாறுகள் சேர்த்திருந்தால் ஒரு நாள் குளிரில் வைத்து, வண்டல் இறங்கியதும் காபி வடிதாளில் வடித்துக்கொள்ளலாம். மல்லிகை 'எசென்ஷியல் ஆயில்' என்று மலிவாக விற்றால் சந்தேகப்படுங்கள்: மல்லிகையைக் கரைப்பான் கொண்டு சாறாகத்தான் எடுப்பார்கள், மலிவாக வராது. ஸ்ட்ராபெரி எசென்ஷியல் ஆயில் என்ற ஒன்றே கிடையாது. செயற்கை வாசனை எண்ணெய் குற்றமில்லை. தோலுக்கு எத்தனை சதவீதம்வரை போகலாம் என்ற இஃப்ரா சான்றைக் கேட்டு வாங்கினால் போதும்.

பாட்டில் கண்ணாடியானால் நிம்மதி. பெட், எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. மொறுமொறுவென்று உடையும் பாலிஸ்டைரீன் டப்பாவைச் சிட்ரஸ் எண்ணெய் கரைத்தே விடும். எண்ணெய்ச் சீசாவில் ரப்பர் குமிழ்ச் சொட்டியை மாட்டி வைத்தால் ரப்பர் ஊதிப் பிசினாகும்.

சிட்ரஸ், டீ ட்ரீ எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பழசானால் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறும். திறந்த தேதியைச் சீசாமேல் எழுதி, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. எந்த ஸ்பிரேயையும் முதலில் முன்கையின் உட்புறம் அடித்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். சவரம் செய்த தோலிலும் புண்ணிலும் கூடாது. கைக்குழந்தை இருக்கும் அறையில் யூகலிப்டஸ், புதினா எண்ணெய் வேண்டாம். மூச்சுத் திணறல் வரலாம். பூனையின் கல்லீரலுக்கு இந்த எண்ணெய்ப் பொருள்கள் பலவற்றை முறித்து வெளியேற்றும் வலு குறைவு, அதிலும் டீ ட்ரீ அதற்கு நஞ்சு. கூண்டுப் பறவை இருக்கும் அறையில் எதையுமே அடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசனைப் பொருள் தயாரிப்பில் உள்ள வாசகர்கள் சிலர்

பின்குறிப்பு: தண்ணீரில் எண்ணெய் விட்டுக் குலுக்கிய பாட்டில் ஏற்கெனவே அலமாரியில் இருந்தால், அதில் இப்போது பிரிசர்வேட்டிவ் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். அது கிருமி பெருகாமல் தடுக்கப் போடுவது. பெருகியதை ஒழிக்கும் என்று நம்ப முடியாது. கொட்டிவிடுங்கள். கண்ணாடியானால் சோப்பால் கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, 70 சதவீத ஆல்கஹாலில் அலசிக் கவிழ்த்துக் காய வைத்தால் மறுபடி உதவும். பெட் பாட்டில் கொதிநீரில் சுருங்கிவிடும், அதற்கு ஆல்கஹால் அலசல் மட்டும். ஸ்பிரே மூடியை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதன் சுருள்வில்லுக்கும் குழாய்க்கும் உள்ளே எந்தத் தூரிகையும் போகாது.