தறி நின்ற ராத்திரி

தம்பிக்கு,

அடுத்த வாரம் அப்பாவின் முதல் வருசத் திதி. "நான் வரலைக்கா" என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தாய். சரி, வரவேண்டாம். பெத்தவனுக்கு எள்ளும் தண்ணியும் விட வரமாட்டானா என்று ஒறம்பரைகள் கேட்கத்தான் செய்வார்கள். அதையும் நான்தான் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், எப்போதும் போல.

எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதால் நடந்ததை எழுதமாட்டேன். அது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. அதற்குப் பிறகு உன் உடம்பில் நடப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதே தெருவில் வளர்ந்த இன்னும் நாலு பேருக்கும் இது வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால் நெஞ்சை அடைக்கிறது, ஈசிஜியும் எக்கோவும் நார்மல், மார்கழியிலும் விடிய விடிய ஃபேன் ஓட வேண்டியிருக்கிறது, இதை மறக்க மாத்திரை உண்டா என்று கேட்டாய். மறக்க மாத்திரை இல்லை கண்ணு. ஆனால் உடம்புக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வழி இருக்கிறது.

2012ஆம் வருசம். பல்லடம் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம். அன்று ராத்திரி தெருவில் இருந்த தறி அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு, சத்தம் நின்றதுதான் காதில் அறைந்தது. குடோனிலிருந்து செருப்புச் சத்தம், பிறகு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக் கதவின் தாழ்ப்பாள். நீ இருட்டில் துழாவி என் கையைப் பிடித்தாய். உன் விரலெல்லாம் நனைந்திருந்தது. நான் கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கு 11 வயசு.

எனக்கு 16. அதைச் சொல்லிக் கழுவிக்கொள்ளப் பார்க்கவில்லை. ஆனால் அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. "எங்கக்கா அப்பவே நடிச்சவ" என்று உன் வீட்டுக்காரியிடம் சொன்னாயாமே. நான் எழுந்திருந்தால் இரண்டு பேருக்கும் விழுந்திருக்கும், அது உனக்கும் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னாய். மன்னித்துக்கொள் சாமி. கையை உருவியது தப்பு.

நீ பயந்தாங்கொள்ளி இல்லை. மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது. நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே உடம்பை உஷார்ப்படுத்துவதுதான் அதன் வேலை. சத்தம் நின்றால் ஆபத்து வருகிறது என்று அது அன்றைக்குச் சரியாகத்தான் படித்துக்கொண்டது. உயிர்ப்பயத்தில் பதிகிற நினைவில் தேதி சரியாக ஒட்டாது. அதனால்தான் திருப்பூரில், நீயே தாழ்ப்பாள் போட்ட வீட்டிலும், இப்போதுதான் நடக்கிற மாதிரி நெஞ்சு அடிக்கிறது.

தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நம் தெருத் தறியில் நெடுக்காக ஓடுகிற பாவு இழை ஒன்று அறுந்தால் நிற்காது. ஓட்டுகிறவர் பார்க்கிற வரைக்கும் துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். உனக்கு அறுந்தது பாவு. படித்தாய், வேலைக்குப் போனாய், கல்யாணம் செய்தாய், எதுவும் நிற்கவில்லை. அதனால் யாரும் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு ஒரு நோட்டுப் போடு. மூன்று வாரம் போதும். எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் எந்த இடம், மனசில் ஓடிய வரி, நீ என்ன செய்தாய் என்று ஐந்து கட்டம். பழைய சம்பவத்தை அதில் எழுதாதே. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து அதைத் தோண்டினால் விடிய விடியத் தூக்கம் போகும், காலையில் இந்த நோட்டே வேண்டாமென்று தூக்கிப் போடுவாய்.

மூச்சுப் பயிற்சி செய்து தலை சுற்றியது என்றாய். இழு, நல்லா இழு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பெரிது பெரிதாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், விரல் நுனி மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். அதையே மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டு பயம் இன்னும் ஏறும். அளவாக மூக்கால் 4 எண்ணி இழு, 6 எண்ணி மெதுவாக விடு. விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். காலையும் பொழுதோடயும் ஐந்தைந்து நிமிடம், மனசு நன்றாக இருக்கும்போது. இரண்டு வாரம் பழக்காமல் நெஞ்சு அடைக்கும்போது முதல்முதலாகச் செய்தால் கைகொடுக்காது. கண்ணை மூடாதே, உன்னைப் போன்றவர்களுக்கு இருட்டு உதவாது. இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பேரைச் சொல். பிறகு இன்றைய தேதி, உன் வயசு, "தாழ்ப்பாள் நான் போட்டது". வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகுதான் ஃபேன். பகலில், வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கும்போது அணை. பயம் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் போடு. 7 என்றால் 3 அல்லது 4க்கு இறங்குகிற வரைக்கும் அப்படியே உட்கார். ஏறியது தானாக இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது சுவிட்சைப் போட்டுவிட்டால், ஃபேன்தான் காப்பாற்றியது என்று உடம்பு படித்துக்கொள்ளும், அடுத்த தடவை இன்னும் கடினமாகும். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். அதே படியைத் தினமும் செய். பயம் 2க்கு வந்த பிறகு பொழுதிறங்கிய நேரத்துக்குப் போ, கடைசியாக ராத்திரி. நேராக ராத்திரிக்குத் தாவாதே.

ஆனால் அந்த நினைவையே தொடுகிற வேலையை வீட்டில் செய்யக்கூடாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர் வேண்டும். அதிர்ச்சிக்கென்று வகுத்த பேச்சு சிகிச்சை, கண்ணை இடமும் வலமுமாக அசைத்தபடி அந்த நினைவைத் தொடுகிற ஈஎம்டிஆர் இரண்டுமே பலன் தருபவை. வாரம் ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு தடவை ஆகும், சின்ன வயசிலிருந்தே ஓடியதற்கு இன்னும் கூடும். முதல் சில வாரம் கனவு அதிகமாகலாம். அங்கேதான் பல பேர் நின்றுவிடுகிறார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டு என்று சொல்கிறவரிடம் மறுபடி போகாதே. மனநல டாக்டர் பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற செர்ட்ராலின் மாதிரி மாத்திரை எழுதினால் நன்றாகப் பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், நீயாக நிறுத்தாதே. மெடிக்கலில் சும்மா வாங்குகிற தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அது பழக்கத்தைத்தான் கொடுக்கும். சாராயமும் அப்படித்தான், அதை நாம் பார்த்துவிட்டோம்.

நடு ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416. காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் அது. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படாதே. உன் விவரத்தை வெளியே விடக்கூடாது என்று 2017ஆம் வருச மனநலச் சட்டம் சொல்கிறது.

இதையெல்லாம் வேலையில் தினமும் யார் யாருக்கோ சொல்கிறேன். உன்னிடம் மட்டும் "வெசனப்படாதே, சாமி கும்பிடு" என்று போனை வைத்தேன். உனக்குச் சொன்னால் அந்த ராத்திரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று. சின்ன வயசு அடிக்கும் பின்னாளில் வரும் நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு டாக்டர்கள் 9,500க்கும் மேற்பட்டவர்களிடம் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். அதை நீ போனில் படித்துவிட்டு "என் கதை முடிஞ்சுது" என்றாய். அது கூட்டத்துக்குச் சொன்ன கணக்கு, உன் ஜாதகம் இல்லை. ஹவாயில் உள்ள கவாய் தீவில் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரைக்கும் பின்தொடர்ந்தார். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். நிலையாகக் கூட நின்ற ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். உனக்கு அம்மாவைப் பெத்த அம்மிச்சி இருந்தாள். ஒவ்வொரு லீவுக்கும் காங்கேயத்துக்கு அவள்தான் அழைத்துப் போனாள், நான் இல்லை.

திதி முடிந்த மறு செவ்வாய் உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணிக்குக் கரண்ட் போகுமாம். பட்டப்பகல். ஃபேனை நீ அணைக்கக்கூட வேண்டாம். லீவு போட முடிந்தால் போடு. நான் எட்டரைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், எதுவும் பேசமாட்டேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடு.

அக்கா