கத்திரிக்காய்க்கு ஒப்புதல்

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்க எல்லாரும் நலம். உன் நலம் உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயே தெரியுது, குற்றாலத்துல நனைஞ்சு தும்மினது வரைக்கும். பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட நான் எழுதலைன்னு நீ கோவமா இருக்கியாம், வார்டன் சொன்னா. (அவ மாறவே இல்லடி. இன்னும் நம்ம ரெண்டு பேரையும் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டுதான் தூங்கப் போறா.) திட்டுறதை நேர்ல திட்டிக்கோ. இப்போ விஷயத்தைக் கேளு.

ஸ்கூல் வேலையை விட்டுட்டேன். ஜூன்லயே. அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் ஆகி, இப்பதான் வாக்கர் பிடிச்சு நடக்குறாங்க. பகல்ல கூட ஆள் வேணும். ஆள் வச்சா அவங்களுக்குக் கொடுக்குறதும் என் சம்பளமும் ஏறக்குறைய ஒண்ணுதான். யோசிச்சு நானேதான் விட்டேன், அதுல எனக்கு வருத்தம் இல்ல. வருத்தம் கத்திரிக்காய்லதான் வந்துச்சு.

என் கணக்குல இருந்த காசு கரைஞ்சுட்டே வந்துச்சா, இவர் ஒருநாள் ராத்திரி ரொம்ப உற்சாகமா என் போனை வாங்கி என்னமோ நோண்டினார். யுபிஐ சர்க்கிளாம். 2024ல வந்த வசதி. ஒருத்தர் பேங்க் கணக்குல இருந்து வீட்டுல இன்னொருத்தர் தன் போன்லயே பணம் கட்டிக்கலாம். அதுல ரெண்டு வழி இருக்கு. மாசத்துக்கு இவ்வளவுன்னு வரம்பு வச்சுட்டு விட்டுடலாம். 15,000 வரைக்கும், ஒரு தடவைக்கு 5,000. இல்லன்னா, ஒவ்வொரு தடவையும் கணக்குக்காரர் தன் போன்ல பின் நம்பர் போட்டு விட்டாத்தான் பணம் போகும். இவர் எதைப் போட்டிருப்பார்னு உனக்குச் சொல்லணுமா? கேட்டதுக்கு, "ஒரு பாதுகாப்புக்குத்தான்"ன்னார். யார்கிட்ட இருந்துன்னு கேட்டேன். தூக்கம் வருதுன்னுட்டார்.

காந்தி மார்க்கெட்ல அரைக் கிலோ கத்திரிக்காயும் ஒரு கட்டு கீரையும் வாங்கிட்டு ஸ்கேன் பண்ணிட்டு நிக்கிறேன். இவர் மீட்டிங்ல. போன் போட்டா எடுக்கல. பின்னால நாலு பேர் நிக்கிறாங்க. கடைக்காரம்மா எட்டிப் பார்த்துட்டு, "சார்கிட்ட கேக்கணுமாம்மா? பரவால்ல, நாளைக்குக் குடு"ன்னுச்சு. கிண்டலா சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்திருப்பேன். பாவம்னு சொன்னுச்சுடி. அதான் தாங்கல.

அன்னிக்கு ராத்திரி பெரிய சண்டை. "நான் எப்பவாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கேனா?"ன்னு இவர் கேட்டார். சொன்னதில்ல, அது உண்மை. ஆனா வேணாம்னு சொல்ல முடியுங்கிற இடத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாலே போதுமே.

எங்க அம்மா கதை உனக்குத் தெரியும், முழுசாத் தெரியாது. 2016 நவம்பர்ல 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்ன மறுநாள் காலையில அம்மா போன்ல ரகசியக் குரல்ல பேசினாங்க. உளுந்து டப்பாவுல கொஞ்சம், கல்யாணப் புடவை மடிப்புல கொஞ்சம். ரெண்டாயிரம் மூவாயிரம் இருக்கும்னு நினைச்சேன். 34,000! முட்டை வித்தது, பால் காசு, அப்பா மளிகைக்குக் கொடுத்ததுல மிச்சம் பிடிச்சது. அம்மா பேர்ல அப்போ பேங்க் கணக்கு கிடையாது. வேற வழியில்லாம அப்பாகிட்ட சொன்னாங்க. அவர் கோவிச்சுக்கல. டீக்கடை முழுக்கச் சொல்லிச் சிரிச்சார், எம்பொண்டாட்டி பெரிய ஆளுன்னு. கொண்டுபோய்த் தன் கணக்குல போட்டார். அடுத்த வருஷம் கிணத்துக்குப் புது மோட்டார் வந்துச்சு. மோட்டார் தேவைதான், இல்லன்னு சொல்லல. ஆனா அம்மா காசைப் பத்தி அதுக்கப்புறம் அந்த வீட்ல யாரும் பேசல, நான் உட்பட.

2023 செப்டம்பர்ல இருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அம்மா கணக்குக்கு வருது. "எங்க அந்தக் காசு?"ன்னு அப்பா கேட்டா, "அது கவர்மெண்டு எனக்குப் போடுறது"ன்னு சொல்றாங்களாம். அந்தத் தொனியில அம்மா பேசி நான் கேட்டதே இல்லடி.

இதை இவர்கிட்ட சொன்னேன். அந்த மோட்டார்ல குளிச்சவர்தானே! ரொம்ப நேரம் பேசல. மறுநாள், "சரி, பின் நம்பர் கேக்காத மாதிரி மாத்திடுறேன், 15,000 வரைக்கும் உன் இஷ்டம்"ன்னார். வேணாம்னுட்டேன். அதுலயும் நான் எதுக்கு எவ்வளவு கொடுத்தேங்கிறது அவர் போன்ல தெரியும். ஒரு முழம் பூ வாங்கினாலும் அவர் பார்க்கணுமா?

பேசிப் பேசி இப்போ ஒரு ஏற்பாடு. சம்பளம் வந்ததும் வீட்டுக் கடன், ஃபீஸ், மளிகை, அத்தை மருந்து எல்லாத்துக்கும் ஜாயின்ட் அக்கவுண்ட்டுக்குப் பணம் போயிடும். அப்புறம் ஒண்ணாம் தேதி ஆளுக்கு 2,500, அவங்கவங்க சொந்தக் கணக்குக்கு. அதுக்குக் கணக்குக் கேக்கக் கூடாது, என்ன வாங்கினேன்னு ஜாடையாக்கூடக் கேக்கக் கூடாது. "நான் வெளியில போறவன், எனக்குக் கொஞ்சம் கூட வேணும்"னு ஆரம்பிச்சார். 2023ல சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புல, புருஷன் வெளிநாட்டுல சம்பாதிச்சு வாங்கின சொத்துல வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவிக்கும் சம பங்கு உண்டுன்னு சொன்னது ஞாபகம் இருக்கா? பேப்பர்ல வந்ததை ஸ்டாஃப் ரூம்ல படிச்சுக் கை தட்டினோம். அதை எடுத்து விட்டேன். "அம்மா தாயே, கோர்ட்டுக்குப் போயிடாத"ன்னு 2,500க்கு ஒத்துக்கிட்டார்.

இப்போ சண்டை வேற மாதிரி. எது வீட்டுச் செலவு, எது சொந்தச் செலவு? சாமி படத்துக்குப் பூ பொது, என் தலைக்குன்னா என் காசாம். நான் ரெண்டு முழம் வாங்கிச் சாமிக்கு ஒரு விரல்கடை வச்சுட்டு மிச்சத்தை நான் வச்சுக்கிறேன், சாமி ஒண்ணும் சொல்லல. பெட்ரோல் பொது. நாலு மணி டீயும் பஜ்ஜியும் அவரோடது. "ஆபீஸ்ல குடிக்கிறது வேலைச் செலவு"ன்னு வாதாடிப் பார்த்தார், செல்லல. சொந்தக்காரங்க மொய் பொது, அவர் ஃப்ரெண்ட்ஸ் மொய் அவரோடது. அதனால ஆவணி வந்ததும் ஆள் திண்டாடிப் போயிட்டார். இருபதாம் தேதி என்கிட்ட ஐநூறு கைமாத்து கேட்டார். கொடுத்தேன். எதுக்குன்னு கேக்கவே இல்ல, அது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா! ராத்திரி பூரா அரிச்சுது.

தீராதது ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கு மாசாமாசம் நான் அனுப்பிட்டிருந்த ஆயிரம். சம்பளம் இருந்தவரைக்கும் பேச்சே இல்ல. இப்போ என் 2,500ல இருந்துதான் அனுப்புறேன். அத்தை மருந்து பொதுன்னா எங்க அம்மாவுக்கு அனுப்புறதும் பொதுதானே? நியாயமாப் பார்த்தா அப்படித்தான். ஆனா பொதுவுல சேர்த்தா அது மருமகன் கொடுத்த காசாயிடும், அப்பா அதையும் டீக்கடையில சொல்லுவார். இவருக்கு ஆட்சேபணை இல்ல, எனக்குத்தான் மனசு வரல.

நீ என்ன சொல்ற? வார்டன்கிட்ட கேக்காத, அவ கமிட்டி போடுவா. உன் வீட்டுக்காரர், அந்த ஆடிட்டர் அண்ணன், எக்ஸெல்ல 'இதர செலவு'ன்னு ஒரு கட்டம் வச்சிருக்காரே, அதுல நீ எங்கடி வர்ற? கிண்டலுக்குக் கேக்கல. உங்க அம்மாவுக்கு நீ அனுப்புறது எந்தக் கட்டத்துல போகுதுன்னு மட்டும் எனக்குச் சொல்லு. போன்ல வேணாம், அண்ணன் பக்கத்துலயே இருப்பார். எழுது.

உன்,
தயிர்சாதம்