செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்குகள் எரிகின்றன. மழைநீர் வடிகால் மூடி சம்பந்தமாக மூன்று மனு கொடுத்தோம், நான்காவது தயாராக இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை நான் இங்கே வாசிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இனி கடற்கரை. திருவான்மியூர் கடற்கரையில் மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்குக் குப்பை பொறுக்குவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். பன்னிரண்டு முறை போயிருக்க வேண்டும், பத்து முறைதான் நடந்தது. மே மாதம் கத்திரி வெயில், பாதிப் பேர் ஊரில் இல்லை. டிசம்பர் 1 அன்று போக வழியே இல்லை. முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம். விடிந்ததிலிருந்தே பாதிப் பேர் பறக்கும் ரயிலில் இடம் பிடிக்கும் யோசனையில் இருந்ததால், நம் பக்கம் வந்தவர்கள் ஆறு பேர். அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

குழந்தைகளைச் சேர்க்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஜூன் 2 அன்று என் மகனும் மருமகளும் வெளியூர் போயிருந்தார்கள். ஏழு வயதுப் பேத்தியைத் தனியாக விட முடியாமல் கூட்டிக்கொண்டு போனேன், அவ்வளவுதான். சங்கம் வாங்கியிருந்த கையுறையைப் போட்டுவிட்டேன். விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. ஒரு ஸ்ட்ராவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கழற்றிவிட்டு வெறுங்கையோடு குனிந்தாள், நான் சத்தம் போட்டேன், முகம் சுருங்கிவிட்டது. அடுத்த மாதம் வீட்டு அடுப்படியிலிருந்து இடுக்கியை எடுத்துப்போனோம். பால் சட்டியை இறக்கத் துணியைத் தேட வேண்டியிருக்கிறது என்று அவள் பாட்டிக்கு இன்றுவரை கோபம்.

அந்த இடுக்கியால் அவள் எடுத்தது என்ன என்பதை இந்த அவையில் சொல்லியே ஆகவேண்டும். நாம் நின்றுகொண்டு பார்க்கிறோம். தண்ணீர் பாட்டில், தெர்மாகோல் தட்டு, ஒற்றைச் செருப்பு, அறுந்த வலை என்று பெரியதுதான் கண்ணில் படுகிறது. பேத்தி மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பொறுக்கி ஊறுகாய் ஜாடியில் போட்டாள். சிப்பி பொறுக்குகிறாள் என்று விட்டுவிட்டேன். ஜாடியை நீட்டியபோதுதான் பார்த்தேன், அத்தனையும் பால் பாக்கெட் முனை! டீ போடுபவர்களும் நாமும் கத்தரியால் நறுக்கிப் போடுகிறோமே, அதே முனை. கரையில் ஏற்றியிருந்த இரண்டு படகுகளுக்கு நடுவே மட்டும் அறுபத்து நான்கு. எண்ணியது அவள், சரிபார்த்தது பொருளாளர்.

"தாத்தா, நம்ம வீட்டு முனை எங்க போகுது?" என்று கேட்டாள். குப்பைத்தொட்டிக்குத்தான் என்றேன். வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் கவிழ்த்தே பார்த்தாள். அன்றைக்கு மூன்று பாக்கெட் வாங்கியிருந்தோம். ஒரு முனை தொட்டியில் இருந்தது, ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டை அருகே ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது அகப்படவே இல்லை.

முழுப் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் காயலான் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். முனையை யார் எடுப்பார்கள்? அதைப் பிரிக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. காற்றும் வடிகாலும்தான் கொண்டுபோகும். ஆகவே ஜூலைக் குழுக் கூட்டத்தில் எல்லா வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தோம்: முனையை முழுதாக நறுக்க வேண்டாம், பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி கீறினால் போதும். எத்தனை வீடுகள் செய்கின்றன என்று நான் கணக்கெடுக்கவில்லை. என் வீட்டில் வேறு வழியில்லாமல் செய்கிறோம்.

ஆகஸ்ட் 4 ஆடி அமாவாசையாக அமைந்துவிட்டது. தேதி குறித்தபோது நான் பஞ்சாங்கம் பார்க்கவில்லை, தவறு என்னுடையது. கரை நெடுகத் தர்ப்பணம் நடந்துகொண்டிருக்க, நடுவில் நாம் சாக்குப்பையோடு நிற்கிறோம். தர்ப்பையும் எள்ளும் பூவும் அலையில் போய்த் திரும்பி வருகின்றன. இது குப்பையா, சாமியா என்று ஒரு பையன் கேட்டான். பெரியவர்களுக்குள்ளேயே கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. மக்குவதைக் கடலுக்கும் மணலுக்கும் விட்டுவிடுவோம், அதைக் கட்டிக்கொண்டு வந்த கேரி பேக்கை மட்டும் எடுப்போம் என்று முடிவானது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பை அது. அன்று நிறைந்த சாக்குகளில் பெரும்பாலும் அதுதான்.

செப்டம்பரில் மட்டும் சனிக்கிழமை போனோம். அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரை தூய்மை நாள். அந்த ஆண்டு 21ஆம் தேதி. ஆனால் அதற்கு ஆறு நாள் முன்புதான் விநாயகர் சிலைகளைக் கரைத்திருந்தார்கள். ஆணியோடு மரச்சட்டங்கள் மணலில் புதைந்து கிடந்ததால் குழந்தைகளைத் தண்ணீர் பக்கமே விடவில்லை. அவர்களுக்குச் சுண்டல் கடை வரிசையைக் கொடுத்தோம். மிகுந்த அதிருப்தி.

ஒரு விபத்தையும் பதிவு செய்ய வேண்டும். நவம்பர் 3, தீபாவளி முடிந்த ஞாயிறு. வெடிக்காகிதம் பொறுக்கும்போது ஒரு பையனின் ரப்பர் செருப்பைக் கிழித்துக்கொண்டு பீர் பாட்டில் கண்ணாடி உள்ளங்காலில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தையல் இல்லை, டிடி ஊசி மட்டும். அவன் அம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. அன்றிலிருந்து ஷூ போடாமல் யாருக்கும் அனுமதி இல்லை, கண்ணாடியைப் பெரியவர்கள் மட்டுமே எடுக்க வேண்டும். நீலகிரியில் 2022 முதல் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்கள். இங்கேயும் அப்படி இருந்திருந்தால் அந்தக் கண்ணாடி முழு பாட்டிலாகவே எங்காவது போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜனவரியில் தேதியை மாற்றி, காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, 19ஆம் தேதி போனோம். பண்டிகைக் கூட்டம் போன பிறகு கடற்கரை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாநகராட்சி ஆட்கள் இரண்டு நாளாக அள்ளியும் மிச்சம் இருந்தது. கரும்புச் சக்கை, பேப்பர் பிளேட், சிப்ஸ் கவர். இந்த சிப்ஸ் கவரை எந்தக் காயலான் கடையும் வாங்காது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய படலம், பிரித்தெடுக்க முடியாது.

அன்றுதான் ஆமை. செத்து ஒதுங்கிய பங்குனி ஆமை, இரண்டடிக்கு மேல் இருக்கும். அந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின, செய்தியில் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் வட்டமாக நின்றார்கள். பேத்தி இடுக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "பிளாஸ்டிக் தின்னுடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எங்கள் வேலைக்குப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் விளக்கினார்: ஆமைக்கு மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் வர முடியாது, மூழ்கிவிடும். முட்டையிட வருகிற காலம் என்பதால் அவை கரையோரமாகவே சுற்றுமாம். வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். இதே கரையில் மாணவர்கள் 1988 முதல் ஆண்டுதோறும் இரவில் நடந்து, ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள் என்று அங்கேயே குழந்தைகளுக்குச் சொன்னேன். அதன் பிறகு அன்று யாரும் அதிகம் பொறுக்கவில்லை.

ஒரு மனக்குறை. பிப்ரவரியில் கட்டி வைத்த மூட்டைகளை எடுக்க வருவதாகச் சொன்ன வண்டி வரவே இல்லை. மாலையில் நடைப்பயிற்சி போனவர்கள் பார்த்தபோது நாய்கள் பாதியைக் கிழித்துப் பரப்பியிருந்தன. மறுநாள் அதை அள்ளியவர் வழக்கமாக வரும் தூய்மைப் பணியாளர் அக்கா. மார்ச்சில் பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கட்டிட்டுப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டீங்க பாப்பா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். இனி மூட்டைகளைக் கையோடு தெருமுனைத் தொட்டிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது, முந்தின நாளே அவர்களிடம் சொல்லிவைப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது.

இந்த ஆண்டு எத்தனை கிலோ என்று உறுப்பினர் ஒருவர் எழுத்தில் கேட்டிருக்கிறார். முதல் இரண்டு மாதம் எடை போட்டோம், அப்புறம் விட்டுவிட்டோம். ஈர மணலும் சேர்ந்த மூட்டை. அந்த எண்ணைச் சொன்னால் பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் பாதி மணலின் எடை. ஊறுகாய் ஜாடி மேடையில் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

நிறைவாக ஒரு தீர்மானம். குழந்தைகள் அளவில் இருபது ஜோடி கையுறையும், நீளக் கைப்பிடி இடுக்கி பத்தும் வாங்கச் சங்க நிதியிலிருந்து அனுமதி கோருகிறேன். என் வீட்டு இடுக்கியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஏப்ரல் 6, காலை ஆறு மணி. பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன், ராமநவமி, வர முடிந்தவர்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
திருவான்மியூர்