செயினுக்கு முன்னால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்: சர்வீஸ் அட்வைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒர்க்‌ஷாப் சர்வீஸ் அட்வைசர் நண்பர்களுக்கு,

வணக்கம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் என் காரில் இரண்டு விநாடி கடகடவென்று சத்தம். சிக்னலில் நின்றால் உதறல். செக் என்ஜின் விளக்கு வேறு. ஸ்கேனரில் பி0011 (கேம் டைமிங் அளவுக்கு மேல் முந்தியிருக்கிறது என்கிற எரர் கோட்) என்று வந்ததும் உங்களில் ஒருவர், "டைமிங் செயினை மாத்திடலாம் சார்" என்றார். கேம் ஷாஃப்டைச் சுற்றவைக்கும் சங்கிலி அது. எஸ்டிமேட்டைப் பார்த்ததும் வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனை மெக்கானிக் முதலில் ஆயில் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் தார் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரே ஒரு 10 எம்எம் போல்ட்டைக் கழற்றி, கட்டைவிரல் பருமனில் ஓர் ஆயில் கன்ட்ரோல் வால்வை எடுத்துக் காட்டினார். அதன் சன்னமான சல்லடை முழுக்கக் கறுப்புப் பிசுக்கு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், எங்களிடம் சொல்வதில்லை: வேரியபிள் வால்வு டைமிங் (என்ஜின் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வசதி) உள்ள பெரும்பாலான என்ஜின்களில், அந்த வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சற்றே முன்னும் பின்னும் திருப்புவதே ஆயில்தான். கேமின் முனையில் இருக்கும் ஃபேஸருக்குள் சிறு அறைகள், நடுவில் இதழ்கள். என்ஜினின் கணினியான ஈசியூ கட்டளையிட, மெக்கானிக் காட்டிய அந்த ஆயில் வால்வு ஏதாவது ஒரு பக்கம் ஆயிலைப் பாய்ச்சும். இதழ் தள்ளப்பட்டு, செயின் சுற்றும் பல்சக்கரத்தைவிடக் கேம் சில டிகிரி முந்தும், அல்லது பிந்தும். 3000 ஆர்பிஎம்மில் என்ஜினின் ஒவ்வொரு இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அதற்கு நடுவில் இந்தத் திருத்தம்! (ஹோண்டாவின் விடெக் அமைப்பு கேமைத் திருப்பாமல், அதிலேயே உள்ள வேறு வடிவ மேட்டுக்கு (லோப்) மாறும். அங்கேயும் பின்னைத் தள்ளுவது ஆயில் அழுத்தம்தான்.)

இழுவை வேண்டும்போது, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு முந்தித் திறப்பது நல்லது. ஐடிலில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, அப்படித் திறந்தால் எரிந்த புகை உள்ளேயே திரும்பி, என்ஜின் உதறும். என் வண்டியில் பிசுக்கு அடைத்து, கேம் முந்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அணைக்கும்போது ஃபேஸரைப் பூட்டும் லாக் பின், அதன் குழியில் விழவில்லை; காலைச் சத்தம் அதனால்தான்.

இரண்டு சர்வீஸைத் தள்ளிப்போட்டது என் தப்பு. ஆனால் கையேட்டில் ஆயில் கிரேடு 5டபிள்யூ-30 என்று இருக்க, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார்" என்று 20டபிள்யூ-50 ஊற்றியது நீங்கள்.

செயின் நீண்டாலும் இதே எரர் கோட் வரலாம், மறுக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் ஆயிலையும் அந்தச் சல்லடையையும் பாருங்கள். ஊற்றிய ஆயிலின் கிரேடை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். "என்ஜின் ஆயில் – 1" என்று மட்டும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
வால்வும் ஆயிலும் மாற்றி, செயினை மாற்றாமலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்