செயலாளர் ஆண்டறிக்கை: சேலம் மீன்தொட்டி ஆர்வலர்கள் சங்கம்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. செடிப் பரிமாற்றமும் நின்றுபோகவில்லை. வாலிஸ்நேரியாவுக்கு மட்டும் கொடுக்க ஆள் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டு முழுக்க நம்மை இழுத்தடித்தது ஒரே விஷயம்தான். அஸ்தம்பட்டியில் நம் கூட்ட அறையில் இருக்கும் பெரிய தொட்டிக்கு எந்த விளக்கு போடுவது? மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம். தளும்ப நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும். அதன்மேல் 39 வாட் டியூப் நான்கு எரிந்துகொண்டிருந்தன, மொத்தம் 156 வாட். தினமும் எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 75 யூனிட் அதற்கே போய்விடும். சித்திரை வெயிலில் தண்ணீரும் சேர்ந்து சூடாகும். எல்.இ.டி.க்கு மாறலாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். எத்தனை வாட் என்று வந்ததும்தான் பேச்சு முற்றியது.

கட்டட வேலைக்குக் கட்டும் 100 வாட் ஃபிளட் லைட்டைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்றது ஒரு தரப்பு. விலை மலிவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம்தான். செடிக்குப் போய்ச் சேரும் ஒளி எவ்வளவு என்று அது சொல்லாது. பெட்டியில் அச்சிட்ட லூமென் என்ற வெளிச்ச அளவும் மனிதக் கண்ணுக்கான கணக்கு, பச்சை நிறத்துக்கு அதில் மதிப்பெண் அதிகம். செடிக்குப் பயன்படுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி. அதை அளக்கும் 'பார்' மீட்டர் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரின் சென்சாரைத் தண்ணீர் புகாத பையில் கட்டி, குச்சியோடு சேர்த்து மணல்வரை இறக்கிப் பார்த்தோம். வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸை 70ஆல் வகுத்தால் 'பார்' அளவு தோராயமாக வந்துவிடும். அடியில் 2,100 லக்ஸ் காட்டினால் 30. கிரிப்டோகோரைன், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகிய நம் தொட்டிச் செடிகள் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

ஆழத்தில் ஒளியைத் தண்ணீர் குடித்துவிடுகிறது என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். தெளிந்த தண்ணீரில் இரண்டடிக்குள் கொஞ்சம் சிவப்பு குறையும், அவ்வளவுதான். தொட்டிக்குள் போட்ட மரக்கட்டையிலிருந்து தேநீர் நிறச் சாறு இறங்கியிருந்தால் நீலம் குறையும். ஒளி முக்கியமாக வீணாவது விரிந்து சிதறுவதில். லென்ஸ் இல்லாத எல்.இ.டி. 120 டிகிரிக்கு விரிந்து, தொட்டிக்கு வெளியேயும் சுவரிலும் போய் விழுகிறது. 60 டிகிரி லென்ஸ் போட்டால் நடுவில் பளீரென்று இருக்கும், ஓரங்கள் இருண்டுவிடும். 90 டிகிரிதான் நம் தொட்டிக்குச் சரி. 20 வாட் விளக்கு இரண்டு, பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை நிறம் (6500 கெல்வின்), முதுகில் அலுமினியத் தகடு உள்ளது, இப்படித்தான் முடிவானது. 40 வாட்டுக்கு இரண்டு மாதத்தில் 19 யூனிட்தான் ஆகும்.

தொட்டியின் அடியில் புல்வெளி விரிக்க வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு ஒளி கூட வேண்டும். ஒளியைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சுவது பாசிதான். ஐயா மன்னிக்கவும், இந்தத் தொட்டிக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. அனுபியாஸைக் கட்டையில் கட்டி நடு உயரத்துக்குக் கொண்டுவந்தால் ஆழப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், மூடுகண்ணாடி. போர்வெல் தண்ணீர் தெறித்துக் காய்ந்து வெள்ளையாகப் படிகிறது. விரல் வைத்தால் சொரசொரப்பு. நல்ல விளக்கு வாங்கிவிட்டு அதன் ஒளியைக் கண்ணாடியிலேயே நிறுத்திவிடுவதில் அர்த்தமில்லை. வினிகர் துணியால் வாராவாரம் துடைக்கும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். டைமரை முதலில் ஆறு மணி நேரத்துக்கு வைத்து, பாசி வராவிட்டால் எட்டாக்கலாம். விளக்கின் ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கித்தான் மேலே ஏற வேண்டும். ஒயர் வழியாக ஒழுகும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

ஏற்காட்டு நண்பர்கள் இடிமழை நாட்களில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். 12 வோல்ட் விளக்கு என்றால் இன்வெர்ட்டர் இல்லாமலே பேட்டரியில் எரியும். ஆனால் அந்தப் பேட்டரியைக் காற்று மோட்டாருக்குக் கொடுப்பதுதான் முதல் வேலை. செடி ஒரு நாள் இருட்டைத் தாங்கும், மீன்தான் மூச்சுக்குத் தவிக்கும்.

விளக்குச் செலவுக்கும் இந்த அறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்