கிங் காங்குக்கு முன் கைவிடப்பட்ட படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, 1933இல் வெளியான 'கிங் காங்' படத்தின் பெருமை முழுவதையும் அதன் இயக்குநர்களில் ஒருவரான மெரியன் கூப்பரின் கற்பனைக்கே உரியதாக்கிவிட்டது. அதில் வரும் ராட்சதக் குரங்கைத் திரையில் நடக்கவைத்த வில்லிஸ் ஓ'பிரையனின் பெயர் ஒரே வரியில் வந்துபோகிறது. அவர் அதற்கு முன் பாடுபட்டு, முடிக்க விடாமல் நிறுத்தப்பட்ட 'கிரியேஷன்' பற்றிய குறிப்பே இல்லை.

1925இல் 'தி லாஸ்ட் வேர்ல்டு' படத்தில் டைனோசர்களை உலவவிட்டுப் புகழ்பெற்ற ஓ'பிரையன், அதன் இயக்குநர் ஹாரி ஹாய்ட்டுடன் மீண்டும் சேர்ந்து ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்காகத் தொடங்கிய படம் அது. மார்செல் டெல்காடோ உலோக எலும்புக்கூடுகளின் மேல் ரப்பர் தோல் போர்த்தி விலங்குப் பொம்மைகளைச் செய்தார். அவற்றை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு ஃபிரேம், மறுபடி நகர்த்தி இன்னொரு ஃபிரேம் என்று எடுத்தால், 24 ஃபிரேம்கள் சேர்ந்த பிறகே திரையில் ஒரு நொடி ஓடும். ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு இப்படிக் கரைந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நிறுவனம் தள்ளாடிய 1931இன் இறுதியில், அதன் தயாரிப்புத் தலைவர் டேவிட் செல்ஸ்னிக்கின் அழைப்பில் வந்து திட்டங்களைப் பரிசீலித்த கூப்பர், விலங்குகள் உலவுகின்றனவே தவிரக் கதையில் விறுவிறுப்பில்லை என்று கருதிப் படத்தை நிறுத்திவிட்டார்.

பணக் கணக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆயினும் எஞ்சியிருக்கும் சில நிமிடக் காட்சிகளில், வேட்டைக்காரன் ஒருவன் டிரைசெராடாப்ஸ் என்ற மூன்று கொம்பு டைனோசரின் குட்டி ஒன்றைச் சுட்டுக் கொல்வதையும், வெறிகொண்ட தாய் அவனைத் துரத்துவதையும் பார்த்தவர்கள், அதில் உணர்ச்சி இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் காங்குக்காக நம்மை வருந்தவைத்ததும் ஓ'பிரையனின் அதே கைகள்தாம்.

கூப்பர் முதலில் நினைத்திருந்தது, காங் படத்தை உயிருள்ள கொரில்லாவையும் கொமோடோ டிராகன்கள் எனும் பெரும் பல்லிகளையும் கொண்டு எடுப்பதைத்தான். ஓ'பிரையனின் வேலையைக் கண்ட பிறகே, பொம்மைகளைக் கொண்டு அதைச் சாதிக்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. ஆகவே, 'கிரியேஷன்' இல்லாமல் காங் பிறந்த கதையைச் சொல்வது நியாயமாகாது.

'வார் ஈகிள்ஸ்', 'குவாங்கி' என்று ஓ'பிரையனின் வேறு திட்டங்களும் பின்னர் இவ்வாறே கைவிடப்பட்டன. பின்னதை அவருடைய சீடர் ரே ஹாரிஹவுசன் 1969இல் திரைக்குக் கொண்டுவந்தபோது, ஓ'பிரையன் மறைந்து ஏறக்குறைய ஏழாண்டுகள் ஆகியிருந்தன. இவற்றைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும், அதில் டெல்காடோவின் பங்கும் விரிவாக இடம்பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்